வியன்னாவைப் பார்க்க நண்பரா, வழிகாட்டியா, தனிநடையா?

வியன்னாவுக்கு நான் இருமுறை சென்றிருக்கிறேன். முதல்முறை ஒரு சுற்றுலாக் குழுவோடு சென்றேன். இரண்டாம் முறை, அந்நகரில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கினேன். அவர் வேலைக்குப் போன நாட்களில் தனியாகவே அலைந்தேன் என்பதால், குழு, நண்பர், தனிநடை என்ற மூன்று வழிகளையும் ஒரே ஊரில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வாய்த்தது. உள்ளூரில் நண்பர் இருந்தால் வேறெதுவும் வேண்டியதில்லை என்று பலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான் என்பது என் எண்ணம்.

நண்பரால் காட்ட முடியாதவற்றிலிருந்து தொடங்குகிறேன். ஷோன்புரூன் அரண்மனையில் 1441 அறைகள் உள்ளன. பார்வையாளர்கள் நுழையக்கூடியவை அவற்றில் மிகச் சிலவே. ஆறு வயது மோட்சார்ட் 1762-இல் பேரரசி மரியா தெரேசாவின் முன்னிலையில் இசை வாசித்தது இங்கேதான். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவரையும் அங்கே கூட்டிப்போய்ச் சலித்திருந்த என் நண்பர், "நீங்கள் உள்ளே போய் வாருங்கள், நான் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மாமல்லபுரத்தில் வசிப்பவர் வாரந்தோறும் கடற்கரைக் கோயிலுக்குப் போகிறாரா என்ன?

ரிங் எனப்படும் வட்டச்சாலையில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நகரைச் சூழ்ந்திருந்த கோட்டைமதிலை இடிக்கப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் 1857-இல் ஆணையிட்டார். மதில் நின்ற இடத்தில் உருவான அகன்ற சாலை 1865-இல் திறக்கப்பட்டது. அதன் ஓரத்தில் நாடாளுமன்றம் கிரேக்கக் கோயிலின் வடிவிலும், நகரமன்றம் இடைக்காலத்துக் கோதிக் பாணியிலும், பல்கலைக்கழகம் மறுமலர்ச்சிக் காலப் பாணியிலும் நிற்கின்றன. மக்களாட்சி பிறந்த இடம் கிரேக்கம், நகரங்கள் தம்மைத் தாமே ஆளத் தொடங்கியது இடைக்காலம், கல்வி மீண்டும் மலர்ந்தது மறுமலர்ச்சிக் காலம் என்ற எண்ணத்தோடு ஒவ்வொன்றுக்கும் பாணி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைக் குழுவின் வழிகாட்டி கால் மணி நேரத்தில் விளக்கினார். அதே சாலையில் தினமும் டிராமில் போய்வரும் என் நண்பரோ, அவை வெவ்வேறு நூற்றாண்டுகளில் கட்டப்பட்டவை என்றே நினைத்திருந்தார். ஆஸ்திரியாவில் சுற்றுலா வழிகாட்டியாக இருப்பதற்கு முறையான தகுதியும் உரிமமும் வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு யாரும் கொடி பிடித்து முன்னே நடந்துவிட முடியாது. கொடுக்கும் காசுக்கு அந்த அறிவு கிடைக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் வழிகாட்டியின் அறிவு கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. 1891-இல் திறக்கப்பட்ட கலை வரலாற்று அருங்காட்சியகத்தில், புரூகல் தீட்டிய 'பாபேல் கோபுர'த்துக்கும் 'பனியில் வேட்டைக்காரர்க'ளுக்கும் சேர்த்து எங்கள் குழுவுக்குக் கிடைத்தது பத்தே நிமிடம். இரண்டாம் பயணத்தில் அதே கூடத்தின் இருக்கையில் தனியாக ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். வேட்டைக்காரர்களின் கால்களுக்குப் பின்னால் தலைதாழ்த்தி நடக்கும் நாய்களின் களைப்பு அன்றுதான் கண்ணில் பட்டது. ஓவியங்களைப் பொறுத்தவரை நண்பரும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம். உடன் வருபவர் எவ்வளவு பொறுமைசாலியானாலும் அவருக்குக் கால் வலிக்குமே என்ற நினைப்பு நம்மை அவசரப்படுத்திவிடும்.

இனி, நண்பரால் மட்டுமே கிடைத்தவற்றுக்கு வருகிறேன். ஹைலிகன்ஸ்டாட் ரயில் நிலையத்துக்கு எதிரே கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. தொழிலாளர்களுக்காக 1927-க்கும் 1930-க்கும் இடையில் நகராட்சி கட்டிய இதில் 1382 வீடுகள் இருந்தன. 1934 பிப்ரவரியில் நடந்த உள்நாட்டுச் சண்டையில் இராணுவம் இதன்மீது பீரங்கியால் சுட்டது. முதல் பயணத்தில் எங்கள் பேருந்து இந்தப் பக்கமே திரும்பவில்லை. நண்பர் வசிப்பதும் நகராட்சிக்குச் சொந்தமான வாடகை வீட்டில்தான் என்பதால், எவ்வளவு காலம் காத்திருந்து அது கிடைத்தது, வாடகை எப்படிக் கணக்கிடப்படுகிறது, பொதுத் துணிவெளுக்கும் அறையில் யாருடைய முறை எந்தக் கிழமை என்பதையெல்லாம் அந்த நீண்ட வளைவுகளின் கீழே நடந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். அரண்மனையைப் பற்றி அவரிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. வீட்டைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியவில்லை.

சின்னச் சின்ன வழக்கங்களும் அவரிடமிருந்தே வந்தன. அரசு இசைநாடக அரங்கில் நின்றுகொண்டு பார்ப்பதற்கான மலிவுச்சீட்டு கிடைக்கும் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்கும். உள்ளே போனதும் கம்பியில் ஒரு கழுத்துத்துண்டைக் கட்டிவிட்டால் அந்த இடம் நம்முடையது, பிறகு நிம்மதியாக வெளியே போய் வரலாம் என்பதை அவர்தான் வாசலில் நின்று சொன்னார். (பேருந்து சன்னல் வழியே துண்டு போட்டு இடம்பிடித்துப் பழகிய நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.) இறந்துபோனவரை "71-ஐப் பிடித்துவிட்டார்" என்று ஊரார் சொல்வதையும், இசைமேதைகள் பீத்தோவனும் ஷூபர்ட்டும் உறங்கும் மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்கு 71-ஆம் எண் டிராம் போவதே அதற்குக் காரணம் என்பதையும், அந்த டிராமிலேயே உட்கார்ந்து கேட்டேன். காப்பிக்கடையில் காப்பியோடு தரும் குவளைத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து, 1873-இல் திறந்த நீர்க்குழாய் வழியாக வருவது. வீட்டுக் குழாயில் வருவதும் அதே தண்ணீர்தான். கடையில் புட்டித் தண்ணீர் வாங்கிவந்த என்னை அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

செலவை ஒப்பிட்டால் நண்பர்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் அவர் நமக்காக விடுப்பு எடுக்கிறார், சமைக்கிறார், வேண்டாமென்றாலும் டிராம் சீட்டுக்குப் பணம் கொடுக்கிறார். அவருக்குப் பிடிக்காத இடங்கள் நம் திட்டத்திலிருந்து ஓசையின்றி உதிர்ந்தும் விடுகின்றன. தனியாகத் திரிவதில் கடன்பட வேண்டியதில்லை என்றாலும் தவறுக்கு விலை உண்டு: சுரங்க ரயிலில் தடுப்புக் கதவே கிடையாது என்பதால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எண்ணிச் சீட்டில்லாமல் ஏறுபவர் பரிசோதகரிடம் சிக்கினால், தண்டம் 100 யூரோவைத் தாண்டும்.

நான்கு நாட்கள் கைவசம் இருந்தால் முதல்நாள் காலையிலேயே உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரோடு ரிங் சாலையையும் அரண்மனையையும் முடித்துவிடுவேன்; அடுத்த இரண்டு நாட்களை அருங்காட்சியகங்களுக்கும் தனிநடைக்கும் வைத்துக்கொள்வேன். நண்பரிடம் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கேட்பேன். அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அவருக்கும் விடுமுறை. நகர எல்லைக்குள்ளேயே இருக்கும் திராட்சைத் தோட்டங்களில், விளைவித்தவரே தம் மதுவை விற்கும் ஹொய்ரிகர் விடுதிகளின் வாசலில் ஊசியிலைக் கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். எந்த வாசலில் நுழைய வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும்; பணத்தை மட்டும் அவருக்கு முன்னால் நான் எடுத்து நீட்டிவிட வேண்டும்.