பினாங்கு கோட்டையில் "பீரங்கிப் பூசை" என்று சொல்லிக் காசு பறிக்கிறார்கள், உஷார்!

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் பினாங்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கோர்ன்வாலிஸ் கோட்டையில் எங்கள் அத்தை குடும்பத்துக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது.

காரைக்குடியிலிருந்து அத்தை, மாமா, அத்தான், அத்தான் மனைவி நால்வரும் வந்திருந்தார்கள். மாமா அங்கிருந்தே கோலாலம்பூரில் உள்ள ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு முழுப் பணமும் கட்டிவிட்டார். நுழைவுச்சீட்டும் தமிழ் வழிகாட்டியும் அதில் அடக்கம் என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியது இன்னும் இருக்கிறது. நான் லீவு போட்டுவிட்டு ஜோர்ஜ்டவுனில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

வேன் மணிக்கூண்டுப் பக்கம் நின்றதுமே வழிகாட்டி ஆளுக்கு 40 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். "வெளிநாட்டுக்காரங்களுக்குத் தனிக் கட்டணம் சார், அது பேக்கேஜ்ல வராது" என்றார். வெளிநாட்டவருக்கும் மலேசியருக்கும் வேறு வேறு கட்டணம் என்பது உண்மைதான். ஆனால் கவுண்டர் பலகையில் போட்டிருந்த தொகை அவர் கேட்டதைவிட நன்றாகவே குறைவு. சீட்டைக் கொடுங்கள் என்று கேட்டேன். கடைசி வரை கண்ணில் காட்டவில்லை.

உள்ளே போனதும் அவர் சொன்ன சரித்திரம் இன்னும் மோசம். ராஜேந்திர சோழன் கடாரம் வந்தபோது கட்டிய கோட்டையாம், வெள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்டானாம். மாமா பெருமையோடு தலையாட்டினார். சோழர் படை வந்தது 1025-இல். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கி, நிபோங் என்ற பனை வகையின் தண்டுகளை ஊன்றி முதல் வேலி போட்டது 1786-இல். இன்று நாம் பார்க்கும் மதில் அதற்கும் பிறகு, 1800-களின் தொடக்கத்தில் எழும்பியது. அதற்கு உடல் உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகள். நம் ஆட்களிடம் சொல்ல வேண்டிய கதை அதுவல்லவா! அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பெரிய போர் நடந்த இடம் என்று வேறு அடித்துவிட்டார். இந்தக் கோட்டை ஒரு போரையும் பார்த்ததில்லை. லைட்டின் சிலையைக் காட்டி "இதுதான் கோர்ன்வாலிஸ் துரை" என்றார்.

நட்சத்திர வடிவம் ஏன் என்று அத்தான் கேட்டதற்கு, "அழகுக்குத்தான்" என்று பதில். மூலைக் கொத்தளங்கள் கூர்மையாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, மதிலடிக்கு வந்துவிட்ட எதிரியைப் பக்கவாட்டில் சுடுவதற்காக. கொத்தளத்தில் நின்று மதிலோடு பார்த்தாலே புரிந்துவிடும். நான்தான் அத்தானைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்ரீ ரம்பாய் பீரங்கியிடம் நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. 1603-இல் டச்சுக்காரர்கள் வார்த்த பீரங்கி அது. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று பல கை மாறி இங்கே வந்து சேர்ந்தது. அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொண்டால் பிள்ளை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை ரொம்ப நாளாக உண்டு. பூ வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். கட்டணம் என்று அங்கே எதுவும் கிடையாது.

அத்தான் மனைவிக்குக் கல்யாணமாகிச் சில வருடங்களாகக் குழந்தை இல்லை. வேனில் அத்தை பேச்சுவாக்கில் சொன்னதை அந்த ஆள் காதில் வாங்கி வைத்திருக்கிறார். பீரங்கிப் பக்கம் போனதும் எங்கிருந்தோ இன்னொருவர் தட்டோடு வந்தார். வாடிய சாமந்தி, ரெண்டு வத்தி, ஒரு சிவப்புக் கயிறு. "மருமகப் பொண்ணு பேரு, நட்சத்திரம் சொல்லுங்கம்மா. 150 வெள்ளிதான். இங்க பூசை பண்ணிட்டுப் போனவங்க அடுத்த வருசமே பிள்ளையோட வந்திருக்காங்க" என்றார். அக்கம்பக்கத்தில் நின்ற சுற்றுப்பயணிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் மனைவி, பாவம் அந்த அக்கா, தலை குனிந்தபடி துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே நின்றார். அத்தை கைப்பையைத் திறந்துவிட்டார்.

"அண்ணே, இங்க பூ வைக்க யாரும் காசு வாங்குறதில்லையே?" என்று கேட்டேன். "தங்கச்சி, பெரியவங்க நம்பிக்கையில குறுக்க வராதீங்க, பாவம் சேரும்" என்று என்னை அதட்டினார். அத்தை பயந்துபோய் நோட்டுகளை எடுத்துக் கொடுத்தேவிட்டார். அன்று ராத்திரி அக்கா சாப்பிடவே இல்லை. பிள்ளை இல்லாத பெண்ணின் துக்கத்தை ஊர் பார்க்க வைத்துப் பணம் பண்ணியதை நான் மன்னிக்கப் போவதில்லை.

அப்புறம் ஜாதிக்காய் எண்ணெய்க் கடை, கமிஷன், வழக்கமான கூத்து. நிறுவனத்துக்குப் போன் செய்தால், "அவர் எங்க ஆள் இல்லைங்க, பகுதி நேரம்" என்று கை கழுவிவிட்டார்கள்.

கோட்டைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு நடந்தே போய்விடலாம். கவுண்டரில் நீங்களே சீட்டு வாங்குங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால், சுற்றுலா அமைச்சு கொடுத்த உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். எங்களோடு வந்தவரிடம் அது இல்லை. உள்ளூரில் பதிந்து ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரையான கோரிக்கையை விசாரிப்பார்கள், வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

மாமா கட்டிய பணத்தின் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், தட்டோடு வந்தவரின் படம் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றுலா அமைச்சுக்குப் புகார் அனுப்பியாயிற்று. இதே மாதிரி பீரங்கி முன்னால் காசு கொடுத்தவர்கள் இருந்தால் தேதியோடு எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.