நர்ஸ் வேலைக்கு மருத்துவமனை தேடுகிறீர்களா? சேரும் முன் இதைப் படியுங்கள்

பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். முடித்துவிட்டு சென்னை, கோவை பக்கம் எந்த மருத்துவமனையில் சேரலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இடங்களை ஒப்பிடும்போது எல்லோரும் சம்பளம், பெயர், கட்டடம் மூன்றையும் பார்க்கிறோம். நான் பட்ட பாட்டுக்குப் பிறகு என்னிடம் யார் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: அங்கே வேலை செய்து வெளியேறிய நர்ஸ்களை எப்படி அனுப்பி வைத்தார்கள் என்று விசாரியுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

திண்டுக்கல் பக்கம் நாற்பது படுக்கை கொண்ட ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு சென்னைக்கு வந்தேன். அப்போது மூன்று இடங்களில் கூப்பிட்டார்கள். ஒன்று மிஷன் மருத்துவமனை. சம்பளம் கொஞ்சம் குறைவு. இன்னொன்று வீட்டுக்கே நர்ஸ் அனுப்பும் ஏஜென்சி. மூன்றாவது, பல கிளைகள் உள்ள ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. பெயர் சொல்லவில்லை. மாதம் 26,000 என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த 26,000 எப்படி உருகியது என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் இதே கணக்கைத்தான் காட்டுகிறார்கள். ஆஃபர் லெட்டருக்குப் பின்னால் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருந்தது. 26,000 என்பது என்னால் நிர்வாகத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அவர்கள் கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கு அதற்குள் இருந்தது. ஐந்து வருடம் இருந்தால்தான் கிடைக்கும் கிராஜுவிட்டி அதற்குள் இருந்தது. இரண்டு வருட பாண்ட் (இடையில் போனால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) முடித்தால் தருவோம் என்ற ஊக்கத்தொகைகூட மாதா மாதம் 2,600 ரூபாய்க்கு மேல் அதில் எழுதப்பட்டிருந்தது. அதெல்லாம் போக சம்பளம் என்று நின்றது 20,500. அதில் என் பங்கு பி.எஃப். 1,560, இ.எஸ்.ஐ. 154, ஹாஸ்டல் 2,500. மேற்கொண்டு முதல் பத்து மாதத்துக்கு காஷன் டெபாசிட் என்று மாதம் 1,000. கையில் வந்தது 15,286 ரூபாய். இதில் மெஸ் பில் தனி. மிஷன் மருத்துவமனையில் கையில் தருவதாகச் சொன்ன தொகை இதைவிட அதிகம்.

ஆகவே ஹெச்.ஆரிடம் "சம்பளம் எவ்வளவு சார்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "முதல் மாசம் என் பேங்க் அக்கவுண்டுல எவ்வளவு விழும்?" என்று கேட்டு, அதை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

சேர்ந்த அன்றைக்கே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, மார்க் ஷீட், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ், எல்லாமே. "வெரிஃபிகேஷனுக்குத்தான் சிஸ்டர், ஒரு வாரத்துல கொடுத்துடுவோம்" என்றார் ஹெச்.ஆரில் இருந்தவர். ரசீது கேட்டேன். அச்சு இல்லாத வெள்ளைத்தாளில் "சர்டிபிகேட்ஸ் ரிசீவ்ட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முத்திரை இல்லை, தேதி இல்லை, என்னென்ன சான்றிதழ் என்ற விவரமும் இல்லை. என் எம்ப்ளாயி நம்பரை மார்க்கரில் எழுதிய பழுப்புக் கவருக்குள் எல்லாம் போனது. பின்னால் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தபோது அதே மாதிரிக் கவர்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு நர்ஸின் படிப்பு. அந்த ஒரு வாரம் யாருக்குமே முடிந்ததில்லை என்று வார்டில் இருந்த அக்காக்கள் சொல்லித்தான் தெரிந்தது.

சரிபார்க்க ஒரிஜினலைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தால் போதும். பிடித்து வைப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. சான்றிதழ் ஒன்றும் அடகுப் பொருள் இல்லை. பாண்ட் முறைக்கு எதிராக இந்திய நர்சிங் கவுன்சிலே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இருந்தும் நடக்கிறது. பாண்டில் ஒரு லட்சம் என்று எழுதியிருந்தால் அவ்வளவும் கட்டியாக வேண்டும் என்று பயப்படுகிறோம். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி அப்படி எழுதிய தொகை உச்சவரம்பு மட்டும்தான். அதற்குள் எது நியாயமான இழப்பீடோ அவ்வளவுதான் கேட்க முடியும். இதை எனக்கு ஒரு வழக்கறிஞர் சொல்லும்வரை நர்ஸ்கள் யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியவில்லை.

வேலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஐ.சி.யு.வில் போட்டார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது விதி. நான் மூன்று பேரைப் பார்த்தேன், அதில் இரண்டு பேர் வென்டிலேட்டரில். நைட் டியூட்டி பன்னிரண்டு மணி நேரம். அடுத்து வர வேண்டிய ரிலீவர் வரவில்லை என்றால் ஹேண்டிங் ஓவர் கொடுக்க, அதாவது நோயாளிகளை ஒப்படைக்க, ஆளில்லாமல் அப்படியே அடுத்த ஷிப்டும் தொடரும். தர ஆய்வுக்கு ஆட்கள் வந்த வாரம் மட்டும் வேறு கிளைகளில் இருந்து நர்ஸ்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டியூட்டி ரோஸ்டரும் அந்த வாரத்துக்கு வேறு. ஆய்வு முடிந்த மறுநாள் பழையபடி மூன்று பேர். இதில் பாதிக்கப்படுவது நர்ஸ் மட்டும் இல்லை. சக்‌ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது) செய்ய வேண்டிய நேரத்தில் பக்கத்துப் படுக்கை மானிட்டர் அலறினால் எந்தப் பக்கம் ஓடுவது? நோயாளியின் வீட்டார் வெளியே லட்சக்கணக்கில் பில் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இணையத்தில் அந்த மருத்துவமனைக்கு நல்ல மதிப்பெண். "வேலை செய்யச் சிறந்த இடம்" என்று வரவேற்பறையில் ஒரு பலகை. அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று நானே பார்த்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் ஹேண்டிங் ஓவர் நேரத்தில் ஒவ்வொருவர் போனையும் வாங்கி, ஐந்து நட்சத்திரம் போட்டாயா என்று சரிபார்ப்பார். பாவம், மேலிருந்து அவருக்கு எண்ணிக்கை கொடுத்திருந்தார்கள். இப்படி வந்த நட்சத்திரங்களைப் பார்த்து யாரும் முடிவெடுக்காதீர்கள்.

அரசின் மாவட்ட நலவாழ்வு சங்கத்தில் இருந்து ஒப்பந்த நர்ஸ் பணிக்கு எனக்கு அழைப்பு வந்தபோதுதான் முழு அவதியும். மாதம் 18,000, சொந்த ஊர்ப் பக்கம். சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரிஜினலோடு வரச் சொல்லியிருந்தார்கள். ராஜினாமா கொடுத்துவிட்டு ஹெச்.ஆரில் போய் நின்றேன். "மூணு மாசம் நோட்டீஸ் பீரியட் இருக்கு சிஸ்டர். இல்லன்னா பாண்ட் அமவுண்ட் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க." ஒரு நாளைக்கு மட்டும் கொடுங்கள், திருப்பிக் கொண்டுவந்து தந்துவிடுகிறேன் என்று கேட்டேன். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவரும் நர்ஸாக இருந்து வந்தவர்தான். "பாலிசி அப்படிம்மா" என்றார். ஊரில் இருந்து அப்பா கிளம்பி வந்து ரிசப்ஷனில் காத்திருந்தார். அவரை மேலே வரவே விடவில்லை. சரிபார்ப்புத் தேதி போய்விட்டது. அந்த இடம் வேறொருவருக்குப் போனது.

சான்றிதழ்கள் எப்படித் திரும்பி வந்தன என்பதையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். முதலில், என்னென்ன சான்றிதழ் அவர்களிடம் இருக்கிறது என்று பட்டியலிட்டு, இத்தனை நாளுக்குள் திருப்பித் தரவும் என்று நிர்வாகத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். அதன் நகலைத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலுக்கும், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் அனுப்பினேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். வழக்கறிஞர் நோட்டீஸ் போன பிறகு ஹெச்.ஆரில் இருந்தே போன் வந்தது. "வந்து வாங்கிக்கோங்க சிஸ்டர், எதுக்கு இதெல்லாம்?" என்று, ஏதோ நான்தான் வம்பு செய்த மாதிரி. ஒரு லட்சத்தைப் பற்றி அப்போது யாரும் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்த பிறகு இன்னும் இரண்டு அடி விழுந்தது.

எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டில் என் முதல் வருடத்தை "டிரெய்னி நர்ஸ்" என்று எழுதியிருந்தார்கள். முதல் நாளில் இருந்தே தனியாக ஐ.சி.யு. பார்த்தவள் நான். வளைகுடா வேலைக்குப் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸாக இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். டிரெய்னி காலத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். துபாய், சவூதி என்று போகிறவர்களின் அனுபவத்தை டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் பழைய மருத்துவமனையிடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். அந்த மெயிலுக்கு ஹெச்.ஆர். பதில் போடாமல் விட்டால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். வெளியேறியவர்களிடம் விசாரியுங்கள் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணமே இதுதான். ஒரு மருத்துவமனை நீங்கள் போன பிறகும் உங்கள் எதிர்காலத்தைக் கையில் வைத்திருக்கிறது.

இரண்டாவது, பி.எஃப். மாதா மாதம் பிடித்தார்கள், சம்பளச் சீட்டில் இருக்கிறது. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை ஆக்டிவேட் செய்து பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் நடுவில் பல மாதங்கள் காலி. தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர் தளத்தில் சம்பளச் சீட்டுகளை இணைத்துப் புகார் போட்டேன். கொஞ்ச காலத்தில் விட்டுப்போன மாதங்கள் எல்லாம் பாஸ்புக்கில் ஏறின. இப்போது வேலையில் இருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே உங்கள் பாஸ்புக்கைப் பாருங்கள். மத்திய அரசின் உமங் ஆப்பிலேயே தெரியும்.

அப்படியானால் எங்கேதான் சேர்வது என்று கேட்பீர்கள். எல்லா வகையிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. டாக்டரே முதலாளியாக இருக்கும் சிறிய மருத்துவமனைகளில் பி.எஃப். இருக்காது, சம்பளம் கவரில் வரும், ஆனால் நான் கேட்ட அன்றே திண்டுக்கல் டாக்டர் அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மிஷன் மருத்துவமனைகளில் வேலை கற்றுத் தருவதில் அக்கறை இருக்கிறது. அங்கேயே படித்தவர்களுக்குச் சேவைக்கால நிபந்தனை இருக்கலாம், அது சேரும்போதே தெரியும். வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிகளில்தான் எனக்குப் பயம் அதிகம். நோயாளி வீட்டில் வாங்குவது எவ்வளவு, நமக்குத் தருவது எவ்வளவு என்று சொல்லவே மாட்டார்கள். அந்த வீட்டில் ஏதாவது தப்பு நடந்தால் இரவில் யாருக்குப் போன் செய்வது என்பதும் தெளிவாக இருக்காது. எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் வரும் அரசு வேலையும் உடனே நிரந்தரம் ஆகிவிடாது. 2015இல் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கும். கொரோனா வார்டுகளில் வேலை பார்த்த ஒப்பந்த நர்ஸ்களை 2022 டிசம்பர் 31ஓடு நிறுத்தினார்கள்.

பேரம் பேசும்போது கையில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி மத்திய அரசு அமைத்த குழு, தனியார் நர்ஸ்களுக்கு இவ்வளவு தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50க்குக் கீழே உள்ள இடத்தில்கூட 20,000க்குக் குறையக்கூடாது. கேரளாவில் நர்ஸ்கள் சங்கம் வைத்து விடாமல் போராடியதால் 2018 ஏப்ரலில் 20,000 குறைந்தபட்சச் சம்பளமாக அரசாணையே வந்தது. இங்கே நான் பார்த்த எந்தத் தனியார் மருத்துவமனையிலும் அந்தப் பரிந்துரை நடைமுறையில் இல்லை. சிறப்பு மருத்துவம் பார்க்கும் பெரிய இடங்கள்கூட நாற்பது படுக்கை மருத்துவமனைக்குச் சொன்ன தொகையைக்கூடக் கையில் தருவதில்லை என்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

வெளிநாட்டு ஏஜென்ட்களிடம் இதைவிடக் கவனமாக இருங்கள். 2015இல் கொச்சியில் சிக்கிய ஒரு நிறுவனம், 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒரு நர்ஸிடம் 19.5 லட்சம் வாங்கியது என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள்.

வெளியேறியவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், உங்கள் கல்லூரி சீனியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மருத்துவமனை பெயரைப் போட்டு, "இங்கே வேலை செய்துவிட்டு வெளியேறியவர்கள் யாராவது உண்டா அக்கா?" என்று கேளுங்கள். நிச்சயம் ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்க வேண்டியது: சான்றிதழ் எப்போது கையில் வந்தது, கடைசி மாதச் சம்பளம் வந்ததா, டெபாசிட் திரும்பியதா, அனுபவச் சான்றிதழில் பதவி, பிரிவு, படுக்கை எண்ணிக்கை எல்லாம் சரியாக எழுதிக் கொடுத்தார்களா.

என் டெபாசிட் பத்தாயிரம் இன்னும் வரவில்லை. தொழிலாளர் துறையில் மனு இருக்கிறது, கூப்பிடும்போதெல்லாம் போகிறேன். அதே மருத்துவமனையில் இப்போது பாண்டில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆஃபர் லெட்டர், பாண்ட் நகல், எல்லா மாதச் சம்பளச் சீட்டு, டியூட்டி ரோஸ்டர் போட்டோ இவற்றையெல்லாம் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமா கொடுத்த அன்றே மருத்துவமனை லாகினை மூடிவிடுகிறார்கள்.