கார்பரேட்டர் ஸ்க்ரூ: டிரம்மிலா, ஓடும் படகிலா?

பழைய ஜான்சன், எவின்ரூட் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் (படகின் பின்புறம் மாட்டும் இன்ஜின்கள்), மெதுவாக ஓடும்போது போகும் பெட்ரோல் அளவை மாற்றும் ஐடில் ஸ்க்ரூவைத் தண்ணீர் டிரம்மில் வைத்துத் திருப்புவது வசதிதான். கழன்று விழுந்த ஸ்பிரிங்கைக்கூடத் தேடி எடுத்துவிடலாம். ஆனால் புரொப்பல்லருக்கு அங்கே உண்மையான லோடு கிடையாது. டிரம்மில் அழகாக ஓடியது படகில் கியர் போட்டதும் நின்றுவிடலாம்.

படகில் என்றால் ஓட்ட இன்னொருவர் வேண்டும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, கியரில் மெதுவாக ஓடவிட்டு, எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்பிச் சற்றுக் காத்திருங்கள். கார்பரேட்டர் தும்மினால் பெட்ரோல் போதவில்லை. திணறிப் புகைத்தால் அதிகம். தும்மல் நின்ற இடத்திலிருந்து இன்னும் துளி திறந்தே வையுங்கள், இன்ஜின் தேயாமல் காக்கும் ஆயிலும் பெட்ரோலோடுதானே வருகிறது.

என் ஓட்டு படகுக்கே. டிரம்மில், ஸ்க்ரூவை இறுக்காமல் மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்தால் போதும்.