வீட்டு பாலிசியின் பொறுப்புக் காப்பு போதுமா, அம்ப்ரெல்லா பாலிசியும் வேண்டுமா?

வீட்டு இன்சூரன்ஸ் என்றதும் சுவரும் கூரையும்தான் நினைவுக்கு வரும். உங்கள் வாஷிங் மெஷின் குழாய் கழன்று, கீழ்வீட்டுக் கூரை ஊறி, அவர்களுடைய கட்டில் மெத்தைவரை நனைந்துவிட்டால்? அவர்களுக்கு நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்குத்தான் பொறுப்புக் காப்பு. அதன் வரம்புக்கு மேல் காப்பு தரும் தனி பாலிசிதான் அம்ப்ரெல்லா.

செலவு
வீட்டு பாலிசியில்: சிலவற்றில் சேர்ந்தே வரும், இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும்.
அம்ப்ரெல்லாவில்: தனி பிரீமியம்.

வரம்பு
வீட்டு பாலிசியில்: ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு என்று உச்சத்தொகை இருக்கும். விருந்தாளி ஈரப்படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் சிகிச்சை, வருமான இழப்பு என்று அது சீக்கிரமே கரைந்துவிடும். மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும்.
அம்ப்ரெல்லாவில்: அந்த வரம்பு தீர்ந்த இடத்தில் தொடங்கும். அடியில் குறிப்பிட்ட அளவு காப்பு இருந்தால்தான் பொதுவாகத் தருவார்கள். ஆகவே இது மாற்று அல்ல, மேலடுக்கு.

வக்கீல் செலவு வரம்புக்குள்ளா, வெளியிலா என்று இரண்டிலும் கட்டாயம் கேளுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எது சேரும்
வீட்டு பாலிசியில்: வாகன விபத்து பொதுவாகச் சேராது.
அம்ப்ரெல்லாவில்: வாகன பாலிசிக்கு மேலும் விரியும், அவதூறு வழக்கும் பலவற்றில் அடங்கும்.
வேண்டுமென்றே செய்த தீங்கு எதிலும் வராது.

சரி, யாருக்கு எது? சேமிப்பு குறைவு, வீடும் சிறியது என்றால் வீட்டு பாலிசியின் வரம்பை உயர்த்தினாலே போதும் என்பேன். நீச்சல் குளம், நாய், வண்டி ஓட்டத் தொடங்கிய பிள்ளை, சேர்த்துவைத்த சொத்து என்று இருந்தால் இரண்டும் வேண்டும்.