இரண்டு இடத்தில் படிக்கும் பிள்ளைக்கு எந்தக் காசு?

அக்காவின் மகள் கிழமை நாட்களில் திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறாள். சனி, ஞாயிறு கணக்கியல் வகுப்பு. ஏஏடி (AAT) என்ற கணக்கியல் தொழில்சார் பரீட்சைக்குப் பதிவும் செய்துவிட்டாள். போன மாதம் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். இடப்பக்கத்தில் கம்பஸ் செலவு: அறை வாடகை, சாப்பாடு, போட்டோக்கொப்பி. வலப்பக்கத்தில் மற்றப் படிப்பு: பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், வகுப்புக் காசு. "மாமா, மகாபொலக் காசை வலப்பக்கத்திலையும் எழுதலாமோ?" என்று கேட்டாள்.

முதலில் மகாபொலவையே பார்ப்போம். பல்கலைக்கழக மாணவருக்கு உதவிப்பணம் தர லலித் அத்துலத்முதலி 1981இல் தொடங்கிய நிதி அது. 2025 ஏப்ரலில் மகாபொல மாதம் 7,500 ரூபாவாகவும், பர்சரி என்ற மற்றப் பல்கலைக்கழக உதவிப்பணம் 6,500 ரூபாவாகவும் கூட்டப்பட்டது. வருடத்துக்குப் பத்துத் தவணை என்பதால் அந்தக் கணக்கில் மகாபொல 75,000 ரூபா, பர்சரி 65,000 ரூபா வரும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இரண்டாவது படிப்பு ஒன்று இருக்கிறது என்பதற்காக ஒரு சதமும் கூடுதலாகக் கிடைக்காது. எங்கள் நாட்டு உதவி முறையின் கண்ணுக்கு அந்த வலப்பக்கமே தெரியாது.

அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகளின் கதை வேறு. அங்கே ஒரே தவணையில் இரண்டு கல்லூரிகளில் பாடம் எடுப்பது புதுமை இல்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் மானியத்தை இரண்டு கல்லூரியிலும் வாங்க முடியாது, ஒன்றில்தான். ஆனால் பட்டம் தரப்போகும் தாய்க் கல்லூரியும் மற்றக் கல்லூரியும் 'கன்சோர்டியம் ஒப்பந்தம்' என்ற ஒன்றைச் செய்துகொண்டால், இரண்டு இடத்துப் பாடங்களையும் கூட்டிக் கணக்கெடுப்பார்கள். வருடம் முழுதும் தவணைக்குத் தவணை தாய்க் கல்லூரியில் 7 கிரெடிட் (பாட அலகு), மற்றதில் 5 என்று வையுங்கள். முழுநேரப் படிப்பு என்றால் தவணைக்கு 12. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 12இல் 7, அதாவது 58 வீதம். முழுத் தகுதி உள்ள பிள்ளைக்கு 2024-25 கல்வியாண்டின் உச்சத்தொகை 7,395 டொலர். அதில் 58 வீதம் 4,290 டொலர் அளவில் வரும். ஒப்பந்தம் இருந்தால் 12க்கு 12, முழுத்தொகையும் கிடைக்கும். ஒரு படிவத்தில் மூவாயிரம் டொலருக்கு மேல் தங்கியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் தவணை தொடங்க முன்பே தாய்க் கல்லூரியின் உதவிப்பண அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும்.

எங்களுக்கு அப்படி ஒரு படிவம் இல்லை. ஆகவே வலப்பக்கத்துக்குக் காசு வரும் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மகாபொலவையே எடுத்துக் கட்டுவது முதலாவது வழி. கைக்கு எட்டியது அதுதான், அதனால்தான் பிள்ளைகள் அதில் கை வைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இன்றைய விலைக்கு அந்தக் காசு ஒரு மாதச் சாப்பாட்டுக்கே காணாது. அதில் பரீட்சைக் கட்டணத்தைக் கழித்தால் பிள்ளை கழிப்பது மத்தியானச் சோற்றை. எங்கள் பிள்ளை இரண்டு மாதம் அப்படிச் செய்து, பணிசும் பிளேன்ரீயுமாக இருந்தாள் என்பது கொப்பியைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா அன்றிரவு சாப்பிடவே இல்லை.

வட்டியில்லாக் கல்விக்கடன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2017இல் தொடங்கிய அந்தத் திட்டம் அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காமல் அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனத்தில் பட்டம் படிப்பவர்களுக்கானது. வட்டியை அரசு ஏற்கும். அவர்களுக்கு அது நல்ல திட்டம். கம்பஸ் பிள்ளையின் சனிக்கிழமை வகுப்புக்கு அது பொருந்தாது.

நகையை அடைவு வைப்பது பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. வட்டி ஓடும், படிப்பு முடிய முன் அடைவுத் தவணை முடியும். வேண்டாம்.

மிஞ்சுவது வெளிநாட்டுச் சித்தப்பா, பெரியம்மா, ஊர்ப் பழைய மாணவர் சங்கம். இந்தக் காசுக்கு வட்டி இல்லை, ஆனால் நாள் நட்சத்திரமும் இல்லை. அங்கே வேலை போனால் இங்கே வகுப்பு நிற்கும். அதனால் மாதாமாதம் அனுப்புங்கள் என்று கேட்காமல், இந்தப் பரீட்சைக்கு இவ்வளவு, கடைசித் திகதி இது என்று ஒரு செலவை மட்டும் சொல்லிக் கேட்பது நல்லது. கொடுப்பவருக்கும் மனம் நிறைவாக இருக்கும். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பிவிடலாம்.

காசு எங்கிருந்து வருகிறது என்பதைவிட, இரண்டாவது படிப்பு எப்படிக் காசு கேட்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஏஏடி பரீட்சை ஜனவரியிலும் யூலையிலும் நடக்கும், ஒரு முறை தவறினால் ஆறு மாதத்தில் அடுத்தது வரும். வருடக் கட்டணத்தை முழுதாக முன்கூட்டிக் கேட்கும் இடத்தையும், கட்டுவதைப் பிரித்துப் பிரித்துக் கட்டவிடும் இடத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. என் பார்வையில் பிரித்துக் கட்டவிடுவதே ஒரு உதவிப்பணம்தான்.

இன்னொன்று. உயர்தரப் பெறுபேற்றுக்கும் கம்பஸ் கடிதத்துக்கும் இடையில் காலம் நீளுவதால், பலர் குருநகரில் உள்ள உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் உயர் தேசிய டிப்ளோமாவுக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். பிறகு கடிதம் வருகிறது. அங்கே முழுநேரப் பதிவை வைத்துக்கொண்டே கம்பஸிலும் உள்வாரியாக இருந்து இரண்டு பக்கமும் உதவி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒன்றை முறைப்படி விலக்கி, விலகிய கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகு மற்றதில் பதியுங்கள்.

அக்காவின் மகள் இந்த முறை இரண்டு பாடம் மட்டும் எழுதப்போகிறாள். அதற்கான காசை கனடாவில் இருக்கும் பெரியம்மா அனுப்பிவிட்டார். கொப்பியின் இடப்பக்கத்தில் 'மத்தியானச் சாப்பாடு' என்ற வரியை அக்கா சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறாள்.