சாம்பெயினா, அர்பானா? ரைட் தெருவின் இரண்டு பக்கமும்

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தின் ஓரமாக ரைட் தெரு போகிறது. மேற்கே சாம்பெயின், கிழக்கே அர்பானா. தெருவைக் கடந்தால் மேயர் வேறு, காவல்துறை வேறு, நூலகம் வேறு, பள்ளி மாவட்டமும் வேறு. ஆறு வருடம் வாடகைக்கு இருந்தவரை இதெல்லாம் எங்கள் கண்ணிலேயே படவில்லை. வீடு தேடப் போனபோது தரகர் கேட்ட முதல் கேள்வியே, "எந்த ஊர்?" என்பதுதான்.

மனைவிக்கு அர்பானா, எனக்கும் பாதி மனசு அர்பானா. வாங்கியது சாம்பெயினில்.

பொதுவானவற்றைச் சட்டென்று தாண்டிவிடலாம். பேருந்து இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். எம்டிடி என்று பேருந்து நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். நான் வாங்கியபோது ஆண்டு பாஸ் 60 டாலர். பல்கலைக்கழக அட்டை இருந்தால் அதுவும் தேவையில்லை. சிகாகோ ரயில் சாம்பெயினில் நிற்கும், பெரிய மருத்துவமனைகள் அர்பானாவில் இருக்கின்றன, எங்கிருந்து போனாலும் கால் மணி நேரம். 2020 கணக்கெடுப்பில் சாம்பெயினில் 88 ஆயிரம் பேர், அர்பானாவில் 38 ஆயிரம். கடைகள் பெரும்பாலும் சாம்பெயினில்தான்.

அழகு என்று பார்த்தால் அர்பானாதான். வளாகத்தை ஒட்டிய தெருக்களில் பழைய மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து நிற்கும். மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமை காலைகளில் லிங்கன் ஸ்கொயர் வணிக வளாகத்துக்கு வெளியே உழவர் சந்தை கூடும். ஆகஸ்டில் அங்கே வாங்கும் சோளத்துக்கு ஈடாகப் பெரிய கடையில் எதுவும் கிடைக்காது. மெடோபுரூக் பூங்காவில் புல்வெளிக்கு நடுவே சிற்பங்கள், ஓரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் தோட்டப் பாத்திகள். நண்பர் ஒருவர் அங்கே வெண்டையும் கத்திரியும் போடுகிறார். மறுசுழற்சிப் பொருள்களை எடுக்க அர்பானாவில் நகராட்சியே ஏற்பாடு செய்கிறது. சாம்பெயினில் குப்பைக்கும் அதற்கும் சேர்த்து நாமே ஒரு தனியார் நிறுவனத்தைப் பிடிக்க வேண்டும். எங்கள் முதல் நிறுவனம் இரண்டு வாரம் தொட்டியைத் தொடவே இல்லை.

பிறகு ஏன் சாம்பெயின்? சொத்து வரி.

இல்லினாயில் வீட்டின் சந்தை மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வரி. சொந்தமாகக் குடியிருந்தால் எங்கள் மாவட்டத்தில் அதிலும் 6,000 டாலரைக் கழித்துவிடுவார்கள். 2,40,000 டாலர் வீடென்றால் 80,000. கழிவு போக 74,000. இந்தத் தொகையில் ஒவ்வொரு நூறு டாலருக்கும் இவ்வளவு என்று ஊருக்கு ஊர் விகிதம் மாறும். விகிதத்தில் ஒரு டாலர் கூடினால் வருடத்துக்கு 740 டாலர் கூடுதல், பத்து வருடத்தில் 7,400. அர்பானாவின் விகிதம் சாம்பெயினைவிட அந்த ஒரு டாலருக்கும் மேலேயே இருந்தது. வீட்டுக் கடன் ஒருநாள் தீர்ந்துவிடும், இந்த வரிக்கு முடிவே கிடையாது.

அர்பானா நிர்வாகம் ஊதாரி என்று இதற்கு அர்த்தமில்லை. சின்ன ஊர், அதில் பெரும்பகுதி வரி கட்டாத நிலம். பல்கலைக்கழகத்துக்கு வரி இல்லை. லாப நோக்கமற்ற மருத்துவமனைகளுக்கு வரிவிலக்குக்கான புதிய சட்டம் 2012இல் வந்தபோது, நகரில் வரி கட்டும் சொத்துகளின் மதிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கார்ல் மருத்துவமனையோடு கழன்றுபோனது. பெரிய கடைகள் இருக்கும் வடக்கு பிராஸ்பெக்ட் சாலையோ சாம்பெயினில். விற்பனை வரி அந்தப் பக்கம் போகிறது. மிச்சச் சுமை வீட்டுக்காரர் தலையில்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வரி அதிகம் என்பதாலேயே அர்பானாவில் அதே அளவு வீடு கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். நாலைந்து வருடத்தில் ஊரைவிட்டுக் கிளம்புகிறவருக்கு அது லாபமாகக்கூட முடியலாம். நாங்கள் இன்னும் எதையும் விற்றதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். பள்ளி விஷயத்திலும் அப்படித்தான். அர்பானாவில் உயர்நிலைப் பள்ளி ஒன்று, சாம்பெயினில் சென்ட்ரல், சென்டென்னியல் என்று இரண்டு. மகள் இப்போதுதான் இரண்டாம் வகுப்பு. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஆனால் ஒன்று நிச்சயம். சந்தைக்கும் பூங்காவுக்கும் போகிறவரிடம் நீ எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. சனிக்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு பேருந்தேறினால் அர்பானாவின் நல்லதெல்லாம் எங்களுக்கும்தான். வரி ரசீது மட்டும்தான் வேலிக்கு இந்தப் பக்கம் வருகிறது. இது கொஞ்சம் சுயநலமான கணக்கு என்று மனைவி இன்றும் சொல்கிறாள், மறுக்கவில்லை.

அர்பானாவில்தான் வாங்குவேன் என்பவர், விற்பவரின் வரி ரசீதை மட்டும் நம்பிவிட வேண்டாம். நாங்கள் கிட்டத்தட்ட கையெழுத்துப் போடவிருந்த ஒரு வீட்டின் வரி ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தது. விசாரித்தால், உரிமையாளர் எண்பதைத் தாண்டிய பாட்டி. முதியோருக்கான கூடுதல் கழிவும், மதிப்பை உயரவிடாமல் நிறுத்திவைக்கும் சலுகையும் அவருக்கு இருந்தன. வீட்டை வாங்கினால் பாட்டியின் எலுமிச்சைத் தொட்டி எங்களுக்கு வரும், சலுகை வராது.