ஃபாக் லேம்ப் வயரிங்: சேலத்தில் செய்த வேலை, ஏற்காட்டில் பார்த்த பலன்

அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காடு சாலையில் போகும்போது, பிரதான சாலையை விட்டு விலகிய ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை ஒன்று இருக்கிறது. அங்கே என் காரில், பனிமூட்டத்தில் சாலையைக் காட்டும் ஃபாக் லேம்புகள் இரண்டுக்கு வயரிங் செய்துகொண்டேன். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. எழுதப்போகிறேன் என்று சொன்னதும், "பேரு போட்டுடாதீங்க சார், இருக்கற வேலையே முடிக்க முடியலைங்க" என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிட்டு வேலையை மட்டும் எழுதுகிறேன்.

அவரிடம் போக நேர்ந்ததற்கு முந்தைய கதை ஒன்று உண்டு. நான் வைத்திருப்பது ஃபாக் லேம்ப் வராத கீழ் வகை ஸ்விஃப்ட். சென்ற ஆண்டு வேறொரு கடையில் 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டை வாங்கி, அங்கேயே பொருத்தச் சொன்னேன். ஹெட்லைட் கப்ளருக்குப் பின்னால் கம்பெனி வயரின் தோலைச் சீவி, அதன்மேல் மெல்லிய வயர் ஒன்றை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி, முக்கால் மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். டிசம்பரில் ஒரு மாலை ஏற்காட்டுக்கு ஏறும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினான்காவதைத் திரும்பிய சற்று நேரத்தில், காருக்குள் பிளாஸ்டிக் கருகும் நெடி அடித்தது. சுவிட்சைத் தொட்டால் விரல் வைக்க முடியாத சூடு. அதை அணைப்பதற்குள் இடப்பக்க ஹெட்லைட்டும் இரண்டு ஃபாக் லேம்புகளும் ஒன்றாகப் போய்விட்டன. முன்னால் ஏறிக்கொண்டிருந்த அரசுப் பேருந்தின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே மிச்ச வளைவுகளைக் கடந்தேன்.

இந்த முறை அஸ்தம்பட்டிக் கடைக்குப் போனபோது, கடைக்காரர் முதலில் விளக்கைப் பார்க்கவே இல்லை. பானட்டைத் திறந்து, பழைய டேப்பை உரித்து, பச்சை பூத்துப் போயிருந்த செம்புக் கம்பியை எனக்குக் காட்டினார். 55 வாட் விளக்குகள் இரண்டு சேர்ந்தால் 110 வாட். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 9 ஆம்பியர். ஒரு பக்க ஹெட்லைட்டுக்காகக் கம்பெனி போட்ட வயரிலும் ஃபியூஸிலும் அந்தப் பக்க விளக்கின் சுமையோடு இதையும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு என் காரே சாட்சி. சுவிட்ச் சூடானதற்கும் காரணம் இதுதான்: சிறிய மின்னோட்டத்தால் இயங்கி, பெரிய மின்னோட்டத்தைத் தன் வழியாக விடும் மின்காந்த சுவிட்சான ரிலே இல்லாததால் அத்தனை மின்னோட்டமும் டேஷ்போர்டில் இருந்த அந்தச் சிறிய சுவிட்சின் வழியாகவே போயிருக்கிறது.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கொடுத்த காசு அதற்குத்தான். பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொட்டார். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத் தனியாக எடுத்து, முனையிலிருந்து ஒரு சாணுக்குள்ளேயே மூடியுடன் கூடிய ஃபியூஸ் ஹோல்டரில் 15 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டார். ஃபியூஸ் ஏன் அவ்வளவு கிட்டத்தில் என்று கேட்டேன். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள வயருக்குக் காவல் எதுவும் இல்லை என்பதால், அந்தத் துண்டு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது என்றார். வயர் தாங்குவதைவிடப் பெரிய ஃபியூஸைப் போட்டால், கோளாறு வரும்போது ஃபியூஸுக்குப் பதிலாக வயர்தான் உருகும் என்பதையும் அவரிடம்தான் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன்.

ஃபியூஸிலிருந்து வந்த வயர் ரிலேயின் 30 என்ற முனைக்குப் போனது. 87-இலிருந்து இரண்டு விளக்குகளுக்கும் வயர் பிரிந்தது. 85 பாடி எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் நெகடிவோடு இணைந்த காரின் இரும்பு உடலுக்கு; 86 சுவிட்சுக்கு. இப்போது சுவிட்சின் வழியாகப் போவது ரிலேயின் சுருளை இயக்கத் தேவையான மிகச் சிறிய மின்னோட்டம் மட்டுமே. சுவிட்சுக்கான மின்சாரத்தைப் பார்க்கிங் விளக்கின் சுற்றிலிருந்து எடுத்தார். அதற்காக ஒரு கம்பெனி வயரைக்கூடச் சீவவில்லை. உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் ஃபியூஸின் இடத்தில் செருகி, அதிலிருந்தே இன்னொரு கிளை எடுக்கும் சிறிய இணைப்பானைப் பயன்படுத்தினார். பார்க்கிங் விளக்கை அணைத்தால் ஃபாக் லேம்பும் அணைந்துவிடுவதால், மறந்து எரியவிட்டுப் பேட்டரியைக் காலி செய்யும் வாய்ப்பு குறைகிறது.

எர்த் விஷயத்தில் அவர் காட்டிய பொறுமை எனக்கு மிகவும் பிடித்தது. பாடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் பெயிண்ட்டைத் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகே வயர் முனையின் உலோக வளையமான லக்கை வைத்து முறுக்கினார். பின்பு துருப் பிடிக்காமல் இருக்க மேலே கிரீஸ் தடவினார். இணைப்பு ஒவ்வொன்றும் கிரிம்பிங் கருவியால் இறுக்கப்பட்டு, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடப்பட்டது. வயர் முழுவதும் நெளிவுக் குழாய்க்குள் ஓடுகிறது. இன்ஜின் பக்கத்திலிருந்து காருக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறது. அந்த வளையம் இல்லாவிட்டால் தகரத்தின் விளிம்பு அதிர்விலேயே வயரின் தோலை அறுத்துவிடும்.

அவர் அளந்த எண்களையும் குறித்து வைத்தேன். ஃபியூஸை மாற்றி, பழைய வயரிங்கைச் சில நிமிடங்கள் மட்டும் ஓடவிட்டுப் பார்த்தபோது, இன்ஜின் ஓடும் நிலையில் பேட்டரியில் 14 வோல்ட்டும் விளக்கின் முனையில் 11.8 வோல்ட்டும் இருந்தன. புதிய வயரிங்கில் விளக்கின் முனையில் 13.5 கிடைத்தது. ஹாலஜன் விளக்கில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும் என்பதால், விளக்கு மங்கல் என்று நான் ஓராண்டாகத் திட்டிக்கொண்டிருந்ததற்குப் பதிலாக வயரைத்தான் திட்டியிருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. காலையில் விட்ட வண்டி மறுநாள் மதியம்தான் கிடைத்தது. அச்சடித்த பில் கிடையாது. பொருளும் கூலியும் சேர்த்து 2,900 ரூபாயை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். சுவிட்சை ஸ்டியரிங்குக்குக் கீழே வைத்திருப்பதால் கிளட்ச் மிதிக்கும்போது முழங்கால் இடிக்கிறது. விளக்கின் கோணத்தைக் கண்ணளவில் வைத்து அனுப்பிவிட்டார். இத்தனை கவனமாக வயரிங் செய்தவர் இதை ஏன் விட்டார் என்று புரியவில்லை. வீட்டுச் சுவருக்கு எதிரே 25 அடி தள்ளிச் சமதரையில் காரை நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் மையத்தைவிட 4 அங்குலம் கீழே விழும்படி நானே திருப்பிக்கொண்டேன். இதைச் செய்யாவிட்டால் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அந்தப் பாதையின் குறுகிய வளைவுகளில் அது விளையாட்டுக் காரியம் இல்லை.

ஜனவரியில் இரண்டு முறை மேலே போய் வந்தேன். இரண்டாவது முறை பத்தாவது வளைவிலிருந்தே பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஹை பீமைப் போட்டால் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டியதுபோல ஒளி திரும்பி வந்தது. லோ பீமும் ஃபாக் லேம்பும் சேர்ந்தபோது, சாலையோர வெள்ளைக் கோடும் தடுப்புச் சுவரின் அடிப்பாகமும் பத்துப் பதினைந்து மீட்டர் வரை தெரிந்தன. அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. அந்தத் தூரத்துக்கு ஏற்ற வேகத்தில்தான் போனேன். மேலே சேர்ந்ததும் சுவிட்சையும் ஃபியூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பார்த்தேன். சுவிட்சில் சூடே இல்லை. ஹோல்டர் இளஞ்சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கடைக்குப் போக நினைப்பவர்கள் விளக்கைத் தாங்களே வாங்கிக்கொண்டு போவது நல்லது. அவர் விளக்கு விற்பதில்லை. காலை ஒன்பது மணிக்குள் போனால் ஆள் கையில் கிடைப்பார். நான் காத்திருந்த நேரத்தில் 100 வாட் பல்புகளோடு வந்த ஒருவர், கூலி எவ்வளவு கேட்டாலும் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். "உங்க லென்ஸே உருகிப் போயிருங்க, வேற எங்கயாச்சும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் என் காரின் எர்த் போல்ட்டை முறுக்கப் போய்விட்டார்.